நாலு ஒயருக்கு நடுங்குவதா?

பானெட்டைத் தூக்கியதும் பின்வாங்குகிற கையைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கை ஸ்டெப்னி மாற்றும், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும், நின்றுபோன வண்டியை மூச்சுப் பிடித்துத் தள்ளும். ஒரு ஒயரைத் தொடச் சொன்னால் மட்டும் வேட்டியில் துடைத்துக்கொண்டு விலகிவிடும். "கரண்ட் சமாச்சாரம்ணே, நமக்கு வேணாம்!"

ஏன் வேண்டாம்? யார் சொன்னது வேண்டாம் என்று?

தம்பி, தங்கையே, கேள். உன் பழைய காரில், மினி லாரியில், டிராக்டரில் ஓடுவது 12 வோல்ட். பேட்டரியின் இரண்டு முனைகளை உலர்ந்த கைகளால் பிடித்தாலும் உனக்கு உறைக்காது. உன் வீட்டுச் சுவரில் இருப்பது 230 வோல்ட். அதில் தினமும் மிக்ஸியைச் செருகுகிறாய், செல்போனைச் செருகுகிறாய், ஈரக்கையோடு சுவிட்சையும் தட்டுகிறாய். உயிரை எடுக்கக் கூடியதிடம் உனக்குப் பயமில்லை. உன் உழைப்புக்குத் துணை நிற்பதிடம் நடுங்குகிறாய். வோல்டேஜைப் பார்த்துப் பயந்திருந்தால் மிக்ஸியைத்தானே முதலில் விட்டிருக்க வேண்டும்? உன் பயம் தெரியாமையிலிருந்து வருகிறது.

தன்னம்பிக்கை என்று மேடை மேடையாக முழங்குகிறார்களே, அது எங்கே கிடைக்கும் என்று என்னைக் கேட்டால் பானெட்டுக்குள் கை காட்டுவேன். கண்ணாடி முன் நின்று "என்னால் முடியும்" என்று நூறு முறை சொன்னாலும் அது வராது. ஒரு பொருளைப் புரிந்துகொள். கையால் செய். மீட்டர் வைத்து அளந்து, செய்தது சரிதான் என்று உனக்கு நீயே நிரூபி. அப்போது வரும். வந்தால் போகாது.

வண்டி பழசு, பசி புதுசு

கடலூரிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். அந்தச் சாலையில் ஒரு காலை வேளை நின்று பார். மீன் ஏற்றிய மினி லாரி ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்டப் போகும். நெல் மூட்டையோ கரும்போ ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு டிராக்டர் போகும். முகூர்த்த நாளென்றால் மாலை கட்டிய அம்பாசடர் ஒன்றும் கண்ணில் படும். டாடா 407 சாலைக்கு வந்தது 1986-இல். அம்பாசடர் உற்பத்தி 2014-இல் உத்தர்பாரா தொழிற்சாலையோடு முடிந்தது. கம்பெனி நிறுத்திவிட்டது. வண்டி நிற்கவில்லை. ஏனென்றால் அதை நம்பி ஒரு வீட்டில் உலை கொதிக்கிறது.

இப்படி ஒரு வண்டியில், ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் போனால் என்ன ஆகும்? முதலில் ஹாரன் கம்மும். ஹெட்லைட் மஞ்சளாகும். மறுநாள் காலை செல்ஃப் எடுக்காது. மீன் வண்டி நடுவழியில் நின்றால் ஐஸ் உருகும், ஐஸ் உருகினால் மீன் விலை விழும். பத்து மாதம் சேர்த்த லாபத்தை ஒரு ராத்திரி தின்றுவிடும்.

சரி, புதிது வாங்கலாம் என்று கடைக்குப் போகிறாய். அங்கேதான் சோதனை. பழைய மாடல் இல்லை. கடைக்காரர் எடுத்துத் தருகிற ஆல்டர்னேட்டரின் தாங்கும் கால் பொருந்துகிறது, புல்லி பொருந்துகிறது, ஒயர் செருகும் சாக்கெட் பொருந்தவில்லை. பழையதில் இரண்டு முனை இருந்தது, புதியதில் நான்கு இருக்கிறது. சில வண்டிகளில் இன்னும் ஆல்டர்னேட்டருக்கு முந்தைய டைனமோவும் அதன் கட்-அவுட் பெட்டியும்தான் உட்கார்ந்திருக்கும். கையில் வயரிங் படம் கிடையாது. ஒயர்களின் நிறமெல்லாம் எண்ணெயில் ஊறிக் கறுப்பாகிவிட்டது.

படம் இல்லையென்றால் என்ன? எந்த முனைக்கு என்ன வேலை என்று தெரிந்தவன் படத்தைத் தானே வரைந்துகொள்வான்.

திரையை விலக்கிப் பார்

சிதம்பரத்தில் திரையை விலக்கினால் தெரிவது வெட்டவெளி, அதன்மேல் தொங்கும் பொன் வில்வ மாலை. அந்த ரகசியத்துக்கு ஞானம் வேண்டும். ஆல்டர்னேட்டரின் மூடியை விலக்கிப் பார்க்க ஸ்பேனர் போதும்.

உள்ளே என்ன இருக்கிறது? நடுவே சுழலும் ரோட்டர். அது ஒரு மின்காந்தம். இரண்டு கார்பன் பிரஷ்கள் வழியாக அதற்குச் சிறு கரண்ட் போகிறது. அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் செப்புக் கம்பிச் சுருள், ஸ்டேட்டர். எஞ்சினின் பெல்ட் ரோட்டரைச் சுழற்றும்போது ஸ்டேட்டரில் மூன்று பேஸ் மாறுமின்சாரம் பிறக்கிறது. அதை ஆறு டயோடுகள் ஒரே திசையில் ஓடும் நேர்மின்சாரமாக்குகின்றன. அளவு மீறாமல் பார்த்துக்கொள்வது ரெகுலேட்டர். இவ்வளவுதான்! சுழல்வது ஒன்று, நிற்பது ஒன்று, திருத்துவது ஒன்று, அடக்குவது ஒன்று.

இனி வெளியே வரும் ஒயர்கள். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்.

முதலாவது, பி பிளஸ். பின்புறம் தடித்த போல்ட்டாக நிற்கும். ஆல்டர்னேட்டர் உண்டாக்கும் கரண்ட் முழுவதும் இதன் வழியாகத்தான் பேட்டரிக்குப் போகிறது. பழைய அம்பாசடர் காலத்து டைனமோ தந்தது இருபது இருபத்திரண்டு ஆம்பியர். நீ வாங்கிவந்த ஆல்டர்னேட்டர் 60 ஆம்பியர் தரக்கூடியது. டைனமோவுக்குப் போட்ட மெல்லிய ஒயரிலேயே இதையும் மாட்டினால் ஒயர் சூடாகும், உறை உருகும், தீப்பிடிக்கவும் கூடும். 10 முதல் 16 சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள செப்பு ஒயரைப் புதிதாக இழு. முனையில் லக் வைத்து நன்றாக அழுத்து. பேட்டரி அருகே தகுந்த பியூஸ் போடு. டேஷ்போர்டில் பழைய ஆம்பியர் மீட்டர் இருந்தால் இந்தக் கரண்டை அதன் வழியாக விடாதே. முப்பது ஆம்பியருக்குச் செய்த மீட்டர் அறுபதைத் தாங்காது. அதை ஒதுக்கிவிட்டு வோல்ட் மீட்டர் வை.

இரண்டாவது, ஐ.ஜி. சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் வருகிற இடத்திலிருந்து பியூஸ் வழியாக இதற்குக் கொடு. சோம்பல்பட்டு நேராகப் பேட்டரியிலிருந்து கொடுத்தால் வண்டி நிற்கும் நேரத்திலும் இது கரண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். காலையில் பேட்டரி காலியாக இருக்கும்.

மூன்றாவது, எல். டேஷ்போர்டில் பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு இருக்கிறதே, அந்த சார்ஜ் லைட்டின் ஒரு முனை இதற்கு வர வேண்டும். இன்னொரு முனை சாவி வழியாக பிளஸ்ஸுக்கு. நடுவே பல்பு இல்லாமல் இதை நேராகப் பேட்டரியில் கொடுத்துவிடாதே, ரெகுலேட்டர் கருகிவிடும்.

நான்காவது, எஸ். எல்லா ஆல்டர்னேட்டரிலும் இருக்காது. இருந்தால் பேட்டரியின் பிளஸ் முனைக்குத் தனி ஒயர் கொடு. பேட்டரிக்கு உண்மையில் எத்தனை வோல்ட் போய்ச் சேருகிறது என்று பார்த்து ரெகுலேட்டருக்குச் சொல்வது இதன் வேலை.

முனைகளின் எழுத்து கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வேலை மாறாது. வாங்கும்போதே எந்த முனை எதற்கு என்று கடையில் கேட்டுக் குறித்துக்கொள். இனி யாராவது இது பெரிய வித்தை என்று மிரட்டினால் நீ சிரிக்கலாம்.

புத்தகம் தைத்த பையன்

"நான் பெரிய படிப்புப் படிக்கலையே" என்கிறாயா? அப்படியானால் இந்த ஆல்டர்னேட்டருக்கே மூலகர்த்தா யார் என்று தெரிந்துகொள்.

லண்டனில் ஒரு கொல்லர் மகன். பெயர் மைக்கேல் ஃபாரடே. பள்ளிப் படிப்பு கொஞ்சம்தான். பதினான்கு வயதில் புத்தகம் தைத்து அட்டை போடும் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். தைக்க வந்த புத்தகங்களைப் படித்தான். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய பகுதி கையில் கிடைத்தது, அதைப் படித்துவிட்டுக் கிடைத்த பொருள்களைக் கொண்டு தானே சோதனைகள் செய்துபார்த்தான். 1812-இல் ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அந்தக் குறிப்புகளைத் தன் கையாலேயே புத்தகமாகக் கட்டி அவருக்கே அனுப்பிவைத்தான். தனக்குத் தெரிந்த தொழிலையே தனக்குத் தெரியாத உலகத்தின் கதவைத் தட்டும் கையாக மாற்றினான் பார்! மறு ஆண்டு ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை. 1831-இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார். கம்பிச் சுருளுக்கு அருகே காந்தப்புலம் மாறினால் கம்பியில் மின்சாரம் பிறக்கும். உன் மீன் வண்டியின் பானெட்டுக்குள் இன்று சுழல்வது அந்த விதிதான். கணிதத்தில் தேர்ச்சி இல்லாதவர் அவர். கையும் கண்ணும் விடாத கவனமும் இருந்தன. போதுமாயிருந்தது.

நம் ஊர்ச் சாட்சி வேண்டுமா? கோயம்புத்தூர்ப் பக்கம் கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்த ஜி.டி.நாயுடு. பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. வெள்ளைக்காரர் ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார். ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதையே வாங்கினார். வாங்கியவர் முதலில் செய்த வேலை, அதைப் பகுதி பகுதியாகக் கழற்றியது. கழற்றியதைத் திரும்பப் பூட்டினார். 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே சேவை தொடங்கினார். 1937-இல் இந்தியாவிலேயே செய்த மின்மோட்டாரை வெளிக்கொண்டுவந்ததில் அவர் பங்கு பெரிது. கழற்றிப் பார்க்கும் துணிவு ஒருவரை எதுவரை கொண்டுபோகும் என்பதற்கு வேறு அளவுகோல் எதற்கு?

டயோடு மலிவான பிறகுதான் ஆல்டர்னேட்டர் காருக்குள் பரவலாக வந்தது. 1960-இல் கிரைஸ்லர் தன் வேலியன்ட் காரில் அதை எல்லா வண்டிக்கும் பொதுவான உறுப்பாகவே பொருத்தியது. அடுத்த ஆண்டு 1961-இல் சென்னை பாடியில், வண்டிகளுக்கான மின்பொருள்கள் செய்யும் லூகாஸ் டிவிஎஸ் பிறந்தது. பின்னாளில் இந்தப் பொருளும் நம் வீட்டுப் பொருளாயிற்று. நம் மாநிலத்துக் கைகள் தயாரித்ததை நம் கடலூர் மாவட்டத்துக் கை பொருத்த முடியாதா?

இரண்டு பேரிடம் குறிப்பாகச் சொல்கிறேன். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-இல் எழுந்தது, 1945-இல் பொறியியலும் வந்தது. அங்கேயோ வேறெங்கேயோ பொறியியல் படித்துவிட்டு, மூன்று பேஸ் மின்சாரத்தைத் தேர்வுத்தாளில் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, சொந்த வீட்டு வண்டியின் பியூஸை மாற்ற மெக்கானிக்கைத் தேடும் பட்டதாரியே, நீ படித்தது வீணாகவில்லை, உன் கைக்கு வந்து சேரவில்லை. சேர்த்துவிடு! பட்டறையில் பத்து வயது மூத்தவர்களுக்கு டூல் எடுத்துக் கொடுத்தே காலம் போகிறது என்று தலைகுனிந்து நிற்கும் தம்பியே, உன் கைக்குத் தெரிந்தது உன் வாய்க்கு வரவில்லை. "இது ஏன் அண்ணே?" என்று தினமும் ஒரு கேள்வி கேள். திட்டினாலும் கேள்! காரணம் தெரிந்த கைக்கு ஊரே மரியாதை தரும்.

சின்ன பல்பு சொல்லும் பெரிய உண்மை

இப்போது சார்ஜ் லைட்டுக்குத் திரும்பி வருகிறேன். பலர் அதை எச்சரிக்கை விளக்கு என்று மட்டும் நினைக்கிறார்கள். பல வண்டிகளில் அதற்கு அதைவிடப் பெரிய வேலை உண்டு.

ஆல்டர்னேட்டர் மின்சாரம் தர வேண்டுமானால் அதன் ரோட்டர் காந்தமாக வேண்டும். காந்தமாக மின்சாரம் வேண்டும். தொடக்கத்தில் அது எங்கிருந்து வரும்? சாவியைத் திருப்பியதும் பேட்டரியிலிருந்து அந்தச் சின்ன பல்பு வழியாகச் சிறு கரண்ட் ரோட்டருக்குப் போகிறது. பல வண்டிகளில் அது ஒரு ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. அந்த அற்பக் கரண்டில் ரோட்டர் லேசாகக் காந்தமாகிறது. எஞ்சின் சுழற்றுகிறது. மின்சாரம் பிறக்கிறது. பிறந்த மின்சாரமே திரும்பி வந்து ரோட்டரை இன்னும் பலமான காந்தமாக்குகிறது. அதன்பின் எல் முனையிலும் பேட்டரிக்கு நிகரான வோல்டேஜ் வந்துவிடுவதால், பல்பின் இரண்டு பக்கமும் சமமாகி விளக்கு அணைகிறது. இனி கடன் கரண்ட் வேண்டாம். தன் மின்சாரத்தில் தானே நிற்கிறது.

பல வண்டிகளில் இந்த பல்பு பியூஸ் போயிருக்கும். ஆல்டர்னேட்டர் நன்றாகவே இருக்கும், தூண்ட ஆளில்லாமல் சும்மா சுற்றும். அது தெரியாமல் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புதிது வாங்குகிறார்கள். அதனால் புதிது வாங்கும் முன் ஒரு சோதனை செய். சாவி போட்டதும் சார்ஜ் லைட் எரிகிறதா? எரியவில்லையென்றால் முதலில் பல்பைப் பார், பிறகு அதன் ஒயரைப் பார். அந்த இடத்தில் எல்.ஈ.டி. பல்பு போட்டிருந்தாலும் சந்தேகப்படு. அது விடும் கரண்ட் சில ஆல்டர்னேட்டர்களைத் தூண்டப் போதாது.

இதில் உனக்கு ஒரு பாடம் இருக்கிறது. எல்லாம் எனக்குள்ளேயே இருக்கிறது, யார் உதவியும் வேண்டாம் என்பது தன்னம்பிக்கை ஆகாது. ஆல்டர்னேட்டரே முதல் துளியை வெளியிலிருந்துதான் வாங்குகிறது! ஆசிரியரின் ஒரு சொல், மேஸ்திரியின் ஒரு குறிப்பு, அம்மா கொடுத்த ஐந்நூறு ரூபாய், அதுதான் உன் சார்ஜ் லைட். அதைக் கேட்க வெட்கப்படாதே. வாங்கிக்கொண்ட பிறகு சுற்றாமலும் இருக்காதே. சுழற்சி இல்லாத ரோட்டருக்கு எத்தனை பேட்டரி கொடுத்தாலும் மின்சாரம் பிறக்காது. உழைப்பு இல்லாதவனுக்கு எத்தனை கூட்டம் கைதட்டினாலும் நம்பிக்கை பிறக்காது. ரெகுலேட்டரையும் மறக்காதே. அது அடக்கத் தவறினால் வோல்டேஜ் பதினைந்தைத் தாண்டும், பேட்டரி கொதிக்கும், பல்புகள் பொட்டுப் பொட்டென்று போகும். அடக்கமில்லாத நம்பிக்கை முதலில் எரிப்பது தன் வீட்டைத்தான்.

அளக்காத வீரம் ஆபத்து

ஒரு பழைய வழக்கத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போதே பேட்டரியின் முனையைக் கழற்றிவிட்டு, "பாரு, வண்டி நிக்கலை, டைனமோ நல்லா இருக்கு" என்று சொல்லிக் காட்டுவார்கள். டைனமோ காலத்தில் தப்பித்துக்கொண்ட வித்தை இது. ஆல்டர்னேட்டரில் இதைச் செய்தால், பேட்டரி விலகிய கணத்தில் வோல்டேஜ் பல மடங்கு எகிறிப் பாய்ந்து டயோடுகளைக் கொன்றுவிடும். நல்ல பொருளைச் சோதித்தே கெடுத்ததாக முடியும். துணிச்சல் போலத் தெரிகிறது, உண்மையில் அது அறியாமை. யார் சொன்னாலும் செய்யாதே! பெரியவர் சொன்னால் மரியாதையாக, "வேணாம்ணே, மீட்டர்ல பாத்துக்கலாம்" என்று சொல்.

ஆம், மீட்டர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டர் உன் பயத்தை எண்களாக மாற்றிவிடும். எண்ணாக மாறிய பயத்தோடு சண்டை போடலாம்.

ராத்திரி ஓய்ந்து நின்ற வண்டியில், எஞ்சின் போடும் முன் பேட்டரியை அள. நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அருகே காட்டும். 12-க்குக் கீழே என்றால் பேட்டரிக்கு முதலில் தனியாகச் சார்ஜ் ஏற்று. காலியான பேட்டரியை நிரப்பும் வேலையைப் புது ஆல்டர்னேட்டரின் தலையில் கட்டாதே. எஞ்சின் நிற்கும்போதே பி பிளஸ்ஸில் பேட்டரி வோல்டேஜ் வர வேண்டும். வராவிட்டால் அந்த ஒயரோ பியூஸோ அறுந்திருக்கிறது. எஞ்சினைப் போட்டுக் கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடு. பேட்டரியில் 13.8-லிருந்து 14.5 வரை காட்டினால் நீ ஜெயித்துவிட்டாய். ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போட்டும் 13.5-ஐ ஒட்டி நின்றால் இரட்டை வெற்றி. லாரி, பஸ் போன்ற 24 வோல்ட் வண்டியென்றால் 27.5-லிருந்து 29-க்குள் பார்.

ஆல்டர்னேட்டரின் பி பிளஸ்ஸில் 14.4, பேட்டரியில் 13.6 என்றால்? நடுவே எங்கோ ஒரு மோசமான இணைப்பு திருடுகிறது. கணக்குப் போட்டுப் பார். ஒரு ஓமில் நூறில் ஒரு பங்குதான் தடை. அதில் 60 ஆம்பியர் ஓடினால் 0.6 வோல்ட் காணாமல் போகும், அந்த இணைப்பில் 36 வாட் வெப்பம் பிறக்கும். 25 வாட் சால்டரிங் அயர்ன் ஈயத்தை உருக்கிவிடுகிறது என்றால், இந்த லக் ஏன் கருகுகிறது என்று இனி யாரும் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

உப்புக்காற்று ஊர்க்காரனே!

கடலூர், தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை, பிச்சாவரம் பக்கத்து வண்டிகளுக்கு இது இன்னும் முக்கியம். கடற்கரைக் காற்றில் வரும் உப்பு ஒயரின் லக்கில் பச்சைக் களிம்பைப் படியவைக்கும். படகு எஞ்சின் ஆல்டர்னேட்டர்களுக்கும் இதே எதிரிதான். பிளஸ் ஒயரையே எல்லோரும் பார்ப்பார்கள், எர்த்தை மறந்துவிடுவார்கள். போன கரண்ட் திரும்பி வர வழி வேண்டாமா? பேட்டரியிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து எஞ்சினுக்கும் போகும் எர்த் பட்டையைக் கழற்று. அடியில் இருக்கும் துருவையும் பெயின்ட்டையும் உப்புத்தாள் போட்டுத் தேய். உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகு இறுக்கு. மேலே கிரீஸ் அல்லது வாஸ்லின் தடவு. பாதி வண்டிகளின் வியாதி இந்த ஒரு வேலையில் தீர்ந்துவிடுமா என்று மேஸ்திரிகளைக் கேட்டுப் பார், சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள்.

மிகப் பழைய பிரிட்டிஷ் வழி வண்டி என்றால் இன்னொன்றையும் பார்த்துக்கொள். சிலவற்றில் பிளஸ்தான் பாடியோடு இணைந்திருக்கும். நமக்குக் கிடைக்கும் ஆல்டர்னேட்டர்கள் மைனஸ் எர்த்துக்குச் செய்தவை. பிளஸ் எர்த் உள்ள வண்டியில் அப்படியே மாட்டினால் டயோடுகள் ஒரு நொடியில் போய்விடும்.

நம் மாவட்டம் சோதனைகளைப் பார்க்காததா? 2004 சுனாமியைப் பார்த்தோம். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு படுத்தன. எத்தனையோ கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. 2015 மழையில் மறுபடி மூழ்கினோம். அப்படி இன்னொரு நாள் வந்தால் உன் தெருவில் மின்சாரம் உண்டாக்கக் கூடிய பொருள் எது? உன் வண்டி! 80 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் ஏறத்தாழ 960 வாட்-மணி மின்சாரம் இருக்கிறது. பாதியை எடுத்தால்கூட தெருவில் இருபது செல்போனுக்கு உயிர் வரும். பேட்டரி இறங்கினால் எஞ்சினைப் போட்டு ஆல்டர்னேட்டரால் மறுபடி நிரப்பலாம். அன்றைக்கு "கரண்ட் சமாச்சாரம், நமக்கு வேணாம்" என்று நிற்பாயா, இல்லை பக்கத்து வீட்டுப் பாட்டி தன் மகனோடு பேச வழி செய்வாயா?

இன்றே செய், இதோ முறை

பெரிய சபதம் எதுவும் எடுக்காதே. சபதம் எடுத்த களைப்பிலேயே பலர் உட்கார்ந்துவிடுகிறார்கள். இந்த வாரம் ஒரு மல்டிமீட்டர் வாங்கு. உன் வண்டியோ மாமாவின் வண்டியோ, பேட்டரியை அளந்து ஒரு நோட்டில் எழுது. எஞ்சின் நிற்கும்போது ஒன்று, ஓடும்போது ஒன்று, லைட் போட்ட பிறகு ஒன்று. அடுத்த வாரம் எர்த் பட்டையைச் சுத்தம் செய்து மறுபடி அளந்து எழுது. இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் உன் கையால் வந்தது. அந்த வித்தியாசத்தை விடப் பெரிய சான்றிதழ் எந்தக் கூட்டத்திலும் உனக்குக் கிடைக்காது.

ஆல்டர்னேட்டர் மாற்றும் நாள் வந்தால், அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் நிற்கச் சொல். வேலையை நீ செய். மோதிரத்தையும் கைச்செயினையும் கழற்றி வை. 12 வோல்ட் உன்னை உதறாது, ஆனால் ஸ்பேனர் பிளஸ்ஸையும் பாடியையும் ஒன்றாகத் தொட்டால் பொறி பறக்கும், மோதிரம் விரலோடு சேர்ந்து சிவக்கும். பேட்டரி அருகே பீடியும் தீப்பெட்டியும் கூடாது, சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து தீப்பற்றும் வாயு வரும். பழைய ஒயர்களைக் கழற்றும் முன் போட்டோ எடு, ஒவ்வொன்றுக்கும் காகிதத்தில் பெயர் எழுதி ஒட்டு. பெல்ட் ஓடும் புல்லிகள் எல்லாம் ஒரே கோட்டில் இருக்கின்றனவா பார். பெல்ட்டை நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் போல உள்ளே போக வேண்டும். தளர்ந்தால் கிறீச்சிடும், இறுகினால் பேரிங் போகும். கடைசியாக ஒவ்வொரு ஒயரையும் கையால் இழுத்துப் பார். சூடான எஞ்சினையோ சுழலும் ஃபேனையோ எது தொட்டாலும் டை போட்டுக் கட்டு.

இப்படி ஒரு வேலையை முடித்தவனிடம் ஒரு மாற்றம் வரும். கடையில் பேசும் தொனி மாறும். "என்ன சொல்றாங்களோ கொடுத்துடுவோம்" என்றவன், "எத்தனை ஆம்பியர்? எல் முனை இருக்கா?" என்று கேட்பான். அந்தக் கேள்வி பானெட்டோடு நிற்காது. வங்கியில் கடன் படிவத்தை நீட்டும்போது கேட்பான். நிலத்துப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கும்போது கேட்பான். மருத்துவர் எழுதிய மாத்திரை எதற்கு என்று கேட்பான். ஒரு பொருளைப் புரிந்துகொண்டவன் மற்ற எதையும் புரிந்துகொள்ளாமல் விடமாட்டான். நான் உன்னிடம் எதிர்பார்ப்பது அந்தப் பழக்கத்தை.

தெரிந்ததை நீயே வைத்துக்கொள்ளாதே. உன் தங்கையைக் கூப்பிட்டு மீட்டரைக் கையில் கொடு. உன் பட்டறைக்கு வந்த புதுப் பையனுக்கு முதல் நாளிலேயே எல் முனையைக் காட்டு. அவன் கேள்வி கேட்டால் அதட்டாதே. கேள்வி கேட்கும் பிள்ளைகள் பெருகினால் போதும், மஞ்சக்குப்பத்திலிருந்து காட்டுமன்னார்கோவில் வரை எந்தப் பழைய வண்டியும் பரிதாபமாக ரோட்டோரம் நிற்காது, அதை ஓட்டுகிறவனும் யார் முன்னும் கைகட்டி நிற்கமாட்டான்.

எழுந்திரு! மோதிரத்தைக் கழற்று. ஸ்பேனரை எடு. பேட்டரியின் எர்த் முனையை முதலில் கழற்று, வேலை முடிந்ததும் அதையே கடைசியில் மாட்டு. நடுவில் இருக்கும் வேலை முழுவதும் உன்னுடையது.